ஒரு பலா மரம், இரண்டு வீடு: நெய்வேலியில் கேமராவோடு மூன்று நாள்

2016-ஆம் வருடம், பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து நெய்வேலிக்குப் போயிருந்தேன். அதை இப்போதுதான் எழுதுகிறேன். சோம்பலும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பயணம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவே இரண்டு வருடம் ஆனது. நெய்வேலிக்குக் கேமராவோடு போகலாமா, என்ன பார்க்கலாம் என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். போகும் வழி, செலவு, நேரம் எல்லாம் இதில் இருக்கிறது. இடையில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

என் வேலை ஆஸ்பத்திரி லேப்களில் இருக்கும் ரத்தப் பரிசோதனை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. வீடு திருச்சியில். மாதத்தில் பாதி நாள் கும்பகோணம், கடலூர், விழுப்புரம் என்று பஸ்ஸில்தான். நெய்வேலிக்கு மட்டும் ஒன்பது வருடமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி வசந்தி, தன் ஆபீஸ் தோழி மகளுக்கு அங்கே வரன் பார்ப்பதாகச் சொல்லி, "நெய்வேலி எப்படிங்க இருக்கும்? நீங்கதான் அடிக்கடி போறீங்களே" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருக்கும்னா? தெருவெல்லாம் எப்படி, வீடெல்லாம் எப்படி?"

எனக்கு லேபின் ஏசி எந்தப் பக்கம் ஒழுகும் என்று தெரியும். கேன்டீனில் பொங்கல் எத்தனை மணிக்குத் தீரும் என்று தெரியும். தெருவில் என்ன மரம் நிற்கிறது என்று தெரியாது. வசந்தி சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். எனக்கு அது பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பத்தைந்து வயது. பத்துப் பதினைந்து ஊர்களுக்கு இடையில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். ஒரு ஊரைப் பற்றிக்கூட யாருக்கும் நான்கு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த மாதம், செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது. கிட்டப் போனால்தான் படம். விடிகாலையில் காந்தி மார்க்கெட்டில் ஆரம்பித்தேன். முதல் மூன்று மாதம் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனாலும் ஒரு மாற்றம் தெரிந்தது. ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால், ஓடும் சத்தங்களில் எது புதியது என்று என்னால் சொல்லிவிட முடியும். இருபது வருடப் பழக்கம் அது. அதே காதை, அதே கண்ணைத் தெருவிலும் வைக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் போனைப் பார்ப்பது நின்றுபோயிற்று. ஸ்ட்ரீட் போட்டோகிராபியால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான். படங்கள் பிறகுதான் வந்தன.

ஆக, அந்தத் தடவை நெய்வேலியில் சர்வீஸ் வேலை வந்தபோது, கூடவே இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டேன்.

திருச்சியிலிருந்து நெய்வேலிக்குச் சுலபமான வழி விருத்தாசலம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால் கிளம்பும் சென்னை ரயிலைப் பிடித்தால் எட்டரைக்குள் விருத்தாசலம் ஜங்ஷன். நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர். பாசஞ்சரில் வந்தால் டிக்கெட் முப்பது ரூபாய்தான், ஆனால் நேரம் இரண்டு மடங்கு. ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். அங்கிருந்து கடலூர் போகும் பஸ் எல்லாம் நெய்வேலி வழிதான். பதின்மூன்று ரூபாய், முக்கால் மணி நேரம். ஆர்ச் கேட்டில் இறங்கினால் நிலக்கரிக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்கு ஆட்டோ கிடைக்கும். நான் முன்னாலேயே மந்தாரக்குப்பத்தில் இறங்கிவிட்டேன். அங்கே லாட்ஜ் வாடகை குறைவு, ஒற்றை அறை நானூற்றைம்பது. சாப்பாட்டுக்கும் மந்தாரக்குப்பம்தான் வசதி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஹோட்டல்களில் காலை ஐந்தரைக்கே இட்லி தயாராகிவிடும், முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்காக.

முதல் நாள் முழுக்க லேபில் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் டவுன்ஷிப்பைச் சுற்றினேன். போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நெய்வேலி, தெருவில் படம் எடுக்கச் சுலபமான ஊர் இல்லை. சாலைகள் அகலம். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரமும் வேம்பும் கூரை போட்டதுபோல் நிற்கின்றன. வீடுகள் வரிசையாக, ஒரே அச்சில். ஆளைத்தான் காணோம். மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மூலையில் பத்து நிமிடம் நின்றால் பத்துச் சம்பவம் நடக்கும். இங்கே ஒரு பிளாக்கில் அரை மணி நேரம் நின்றேன். கடந்து போனது ஒரு தயிர்க்காரர், ஒரு நாய், டியூஷனுக்குப் போகும் இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

ஆனால் நின்றதில் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் வாசல்கள் ஒன்றுபோல இல்லை. ஒரு வாசலில் முருங்கை, அடுத்த வாசலில் செம்பருத்தி, அதற்கடுத்து தார்ப்பாய் போர்த்திய கார். ஒரு வீட்டுக்காரம்மா கேட்டைத் திறந்து பேசியது சுத்தமான திருநெல்வேலித் தமிழ். எதிர்வீட்டிலிருந்து பதில் சொன்னவர் கோயம்புத்தூர்க்காரர். இரண்டு பேருமே பாதிப் பேச்சில் "ஜெனரல் ஷிஃப்ட்டா, செகண்ட் ஷிஃப்ட்டா" என்று நெய்வேலிக்காரர்களாகிவிட்டார்கள். ரவுண்டானா பக்கம் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஐந்தாறு பெண்கள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். சருகுக் குவியல் அவர்கள் இடுப்பு உயரம். கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன்.

மெயின் பஜார் டீக்கடைக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்த பிளாக்குங்க?" என்றார். இந்த ஊரில் பெயருக்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

"வெளியூருங்க. திருச்சி."

"ரோட்ட எடுக்குறீங்களே, ரோட்ல ஒண்ணுமே இல்லியே சார். ரெண்டு மணிக்கு மந்தாரக்குப்பம் ரோட்ல போயி நில்லுங்க. ஷிஃப்ட் மாறுற நேரத்துலதான் ஊரே ரோட்ல இருக்கும்."

அவர் சொன்னது சரி. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. இந்த மூன்று நேரத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மணிக்குச் சாலை நிரம்பியது. சைக்கிள், மொபெட், கம்பெனி பஸ். ஹேண்டில்பாரில் தொங்கும் ஹெல்மெட்டுகள், ஒரு ஹெல்மெட்டுக்குள் ஒரு சீப்பு வாழைப்பழம். இருபது நிமிடத்தில் எல்லாம் ஓய்ந்துவிட்டது. சுரங்கத்தின் கேட் பக்கம் கேமராவைத் திருப்பியதும் ஒரு செக்யூரிட்டி வந்து, "இந்தப் பக்கம் வேணாங்க, அந்தப் பக்கம் எவ்ளோ வேணும்னாலும் எடுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். சண்டை போட எதுவுமில்லை. அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலை, மந்தாரக்குப்பத்திலிருந்து கம்மாபுரம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். எங்கே இறங்குவது என்று முடிவு செய்திருக்கவில்லை. ஜன்னலோரம் முந்திரித் தோப்பு, அறுவடை முடிந்த வயல், நடுநடுவே சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடுகள். மேடு என்று சொன்னால் அளவு புரியாது. நான்கு மாடி உயரம் இருக்கும். மேலே முட்செடி முளைத்திருந்தது. ஒரு வளைவில், ஓட்டு வீடுகள் வரிசைக்குப் பின்னால் அப்படி ஒரு மேடு வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பி வந்தேன். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் விரும்பமாட்டார்கள்.

வரிசையில் கடைசி வீடு பொங்கலுக்கு அடித்த நீலச் சுவரோடு இருந்தது. காலை வெயில் நேராகச் சுவரில். பின்னால் பழுப்பு மேடு. சுவரில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். இதைவிட நல்ல ஃப்ரேம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. சாலையில் நின்று ஒன்று எடுத்தேன். இன்னும் கிட்டப் போய் இரண்டு. பிறகு வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்து நாலைந்து.

"யாருங்க அது? எதுக்கு வூட்ட எடுத்துகினு இருக்கீங்க?"

பக்கவாட்டிலிருந்து வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார், முழங்கை வரை ஈரம். பெயர் தமிழ்ச்செல்வி என்று பிறகு தெரிந்தது.

"சும்மாதாங்க. படம் எடுக்குறது எனக்குப் பிடிக்கும்."

"சும்மா எடுக்குறதுக்கு எங்க வூடுதான் கெடச்சுதா? எந்த ஆபீசு நீங்க?"

அடையாள அட்டையைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்து எடுத்து நீட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே திரும்பி, "மாமா, இங்க வாங்க. இன்ஜினியர்னு போட்டிருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒட்டியிருந்த வீட்டிலிருந்து, தோளில் துண்டோடு ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தார். தமிழ்ச்செல்வியின் கணவருக்கு அண்ணன், கலியபெருமாள். கேமராவை அவர் பிடுங்கவில்லை. கையை நீட்டினார், நான் கொடுத்துவிட்டேன்.

"அளவு எடுக்க வந்தீங்களா?"

"இல்லீங்க. நான் ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேர் பாக்குறவன்."

"ஆஸ்பத்திரிக்காரருக்கு இங்க இன்னா வேல? போன மாசம் இப்பிடித்தான் ஒருத்தன் வந்தான், வூடு வூடா போட்டோ எடுத்துகினு போனான். அப்புறமேட்டு ஊரு பூரா நோட்டீஸ் வரப்போவுதுன்னு ஒரே பேச்சு."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் சிலவற்றின் நிலம் எப்போதோ சுரங்கத்துக்குப் போயிருக்கிறது. சிலவற்றின் நிலம் போகும் என்கிறார்கள். நிலத்தை எடுக்கப்போவதாக இந்த ஊருக்கு அன்றைக்கு எந்த நோட்டீஸும் வந்திருக்கவில்லை. வரும் என்ற பேச்சு மட்டும்தான் இருந்தது. அந்தப் பேச்சோடு வாழ்கிற இடத்தில், தெரியாத ஒருவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து படம் எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் பொழுதுபோக்குக்கு அங்கே வேறு பெயர்.

"போலீசுல குடுத்துடலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

தமிழ்ச்செல்விதான், "மொதல்ல இன்னா எடுத்திருக்காருன்னு பாப்போம்" என்று கேமராவை வாங்கினார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் வீடு, அவர் வீடு, மறுபடி அவர் வீடு. முந்திரித் தோப்பு. ஹெல்மெட்டில் வாழைப்பழம். அதைப் பார்த்து ஒரு பெண் சிரித்தாள். டீக்கடை. பிறகு சருகு கூட்டும் பெண்கள். அதில் நிறுத்தினார்.

"இது எங்க கான்ட்ராக்ட் ஜாக்கெட்டு."

"நீங்களும் அங்கயா வேலை பாக்குறீங்க?"

"டவுன்ஷிப்புல தோட்ட வேல. ஏழு வருசமா கான்ட்ராக்ட்டுதான்." கேமராவைக் கலியபெருமாள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவரு ஆபீசரு இல்ல மாமா. எங்களப் போயி எந்த ஆபீசரு போட்டோ எடுக்கப் போறான்."

கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. கலியபெருமாள் மட்டும் தளரவில்லை. "யாரா இருந்தாலும் சரி, வூட்ட எடுத்ததெல்லாம் அழிங்க" என்றார். அழித்தேன். அந்த நீலச் சுவர்ப் படங்களில் ஒன்று, அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம். அதையும் அழித்தேன்.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பத்தடி போயிருக்கமாட்டேன்.

"நில்லுங்க சார்" என்றார் தமிழ்ச்செல்வி. "உங்களுக்கு வூட்ட எடுக்கத் தெரியுமா, இல்ல இப்பிடித்தான் பின்னால இருக்குற மேட்டையே எடுப்பீங்களா?"

"வீட்டையும் எடுக்கலாம்."

"அப்பன்னா எடுத்துக் குடுங்க. வூடு, மாட்டுக் கொட்டாய், அடிபம்பு, மரம் எல்லாம் தெரியணும். நாளைக்கு நெசமாவே நோட்டீஸ் வந்து, அங்க வூடே இல்ல, மரமே இல்லன்னு யாராவது சொன்னா காட்டணும்ல."

முன்னும் பின்னும் நடந்து எல்லாவற்றையும் எடுத்தேன். இந்தத் தடவை வெளிச்சம், நிழல் எதையும் யோசிக்கவில்லை. கொட்டாயின் நான்கு மூலை, பம்பின் கைப்பிடி, இரண்டு தென்னை, ஒரு கொய்யா. கூட வந்து அவர் காட்டக் காட்ட எடுத்தேன். கடைசியாக அவர் காட்டியது ஒரு பலா மரம். நல்ல வயதான மரம், அடிமரம் இரண்டு கை சேர்த்துக் கட்டினாலும் எட்டாது. அவர் வீட்டுக்கும் கலியபெருமாள் வீட்டுக்கும் நடுவில், வேலி இல்லாத எல்லையில் நின்றது.

"அத எடுக்காதீங்க" என்றார் கலியபெருமாள். மரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஏன், எங்க மரத்த எடுக்கக் கூடாதா?"

"உங்க மரமா? எங்க அப்பா வெச்ச மரம் இது."

"உங்க அப்பாதான் வெச்சாரு மாமா. அவரு செத்தப்புறம் தண்ணி ஊத்தினது யாரு?"

மற்றவர்கள் பேசியதிலிருந்து கதை விளங்கியது. அப்பா கூலி வேலை செய்து வாங்கிய மனை. சாகும் முன்னால் வாய்ச்சொல்லாக இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை அது பிரச்சினையாகவும் இல்லை. நோட்டீஸ் பேச்சு வந்த பிறகுதான், மரத்துக்குத் தனியாக விலை போடுவார்கள், பலாவுக்கு விலை அதிகம் என்று யாரோ சொல்ல, மரம் யாருடையது என்ற கேள்வி வந்திருக்கிறது.

"இங்கேருந்து எடுங்க சார்" என்று தமிழ்ச்செல்வி தன் வாசலில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே போய் நின்று பார்த்தேன். மரம் முழுக்க அவர் கொட்டாயை ஒட்டி நிற்பதுபோல் தெரிந்தது. கலியபெருமாளுக்கு அது உடனே புரிந்துவிட்டது. "எடுக்குறதுன்னா இங்கேருந்து எடுக்கட்டும்" என்று தன் வாசலுக்கு என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்து பார்த்தால் மரம் அவர் வீட்டுச் சுவரோரம் வந்துவிட்டது.

ஆறு மாதமாக நான் படித்ததெல்லாம் நிற்கும் இடத்தைப் பற்றித்தான். ஒரு அடி நகர்ந்தால் படம் மாறும் என்று வாசித்திருக்கிறேன், செய்தும் பார்த்திருக்கிறேன். ஒரு அடி நகர்ந்தால் ஒரு மரத்துக்குச் சொந்தக்காரர் மாறுவார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சம்மதிச்சா எடுக்கிறேன். இல்லன்னா வேண்டாங்க" என்றேன்.

"இவ்ளோ நேரம் கேக்காமத்தானே எடுத்தீங்க" என்றார் தமிழ்ச்செல்வி.

நான் நேர் நடுவில், இரண்டு வாசலுக்கும் சமமாகப் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மரம் தனியாக, இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமில்லாததுபோல் நின்றது. அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்த கலியபெருமாளின் மனைவி அஞ்சலை, "அங்க நின்னு எடுத்தா ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடும். ரோட்டு மரம்னு எழுதிகினு போவான்" என்றார். சிலர் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. நேராக மரத்திடம் போய், தன் பக்கத்தில் நின்று அடிமரத்தில் கையை வைத்தார். கலியபெருமாள் பார்த்தார். அவரும் போய்த் தன் பக்கத்தில் நின்று, அவர் கைக்கு ஒரு சாண் மேலே தன் கையை வைத்தார்.

"இப்ப எடுங்க" என்றார் கலியபெருமாள்.

எடுத்தேன். இருவரும் கேமராவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் மரத்தை விடவில்லை. எடுத்ததும் தமிழ்ச்செல்வி திரும்பிப் போய்த் துணியை அலச ஆரம்பித்தார். அஞ்சலை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அடுத்த வண்டி பதினொன்னரைக்கு. அத உட்டா ரெண்டு மணிக்குத்தான்" என்றார்.

திருச்சி வந்ததும் எல்லாப் படங்களையும் பிரிண்ட் போட்டேன். மரத்துப் படத்தில் மட்டும் ஏ4 அளவில் இரண்டு. கிளம்பும்போது எழுதி வாங்கிய விலாசத்துக்கு, என் போன் நம்பரோடு, வீட்டுக்கு ஒன்றாகத் தபாலில் அனுப்பினேன். வந்து சேர்ந்ததென்று தமிழ்ச்செல்வி போன் செய்தார்.

அதன் பிறகும் நெய்வேலிக்கு வேலையாகப் போனேன். அந்த ஊருக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. 2018 வைகாசியில், ஒரு இயந்திரத்துக்கு உதிரிபாகம் வர ஒருநாள் தாமதமானது. போன் செய்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் கட்டணம் ஏறிவிட்டிருந்தது, வெயிலும். அந்த மாதங்களில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். பத்து மணிக்கே தார் இளகுகிறது.

நோட்டீஸ் அப்போதும் வந்திருக்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை. மேட்டில் முட்செடி அடர்த்தியாகியிருந்தது. நீலச் சுவர் பச்சையாகியிருந்தது. பலா மரம் அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது.

முதலில் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அகலம் குறைவாக இருப்பதைக் கவனித்தேன். கத்தரியால் வெட்டியிருந்தார்கள். கலியபெருமாள் இருந்தார், மரம் முழுதாக இருந்தது, தமிழ்ச்செல்வி இல்லை.

"போன வருசம் ஒரு கலியாணத்துல இவருக்கும் அவளுக்கும் பேச்சு முத்திப்போச்சு" என்றார் அஞ்சலை, தட்டில் பலாச்சுளையை வைத்தபடி. "வூட்டுக்கு வந்தவரு மொதல்ல எடுத்தது கத்திரிக்கோலத்தான்."

"நீங்க பேசிக்கிறதில்லையா?"

"நானும் அவளும் பேசிப்போம். பழம் பழுத்தா ரெண்டு வூட்டுக்கும் போவும். அது வேற, இது வேற."

கலியபெருமாள் அதை மறுக்கவில்லை. "படத்துல என் கைதான் மேல இருக்கு, பாத்தீங்களா" என்றார்.

அடுத்த வீட்டுக்குப் போனேன். தமிழ்ச்செல்வி அன்று ஆஃப். டவுன்ஷிப் தோட்ட வேலையில்தான் இன்னும் இருந்தார், இன்னும் கான்ட்ராக்ட்டில்தான். உள்ளே, டிவிக்கு மேலே அதே படம், அதே மாதிரி கண்ணாடி. அதுவும் வெட்டப்பட்டிருந்தது. இதில் தமிழ்ச்செல்வி இருந்தார், மரம் முழுதாக இருந்தது, கலியபெருமாள் இல்லை.

"அவரு வெட்டுனாருன்னு தெரிஞ்சுது. நானும் வெட்டிட்டேன்" என்றார். குரலில் வருத்தமோ கோபமோ தெரியவில்லை. நேற்று நடந்த ஒரு வேலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மரத்தின் மேல், அவர் கைக்கு ஒரு சாண் மேலே, இன்னொரு கை இருந்தது. மணிக்கட்டோடு நின்றுவிட்ட கை. அடுத்த வீட்டுப் படத்திலும் அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன், இருந்தது.

"கை அப்படியே இருக்கே" என்றேன்.

தமிழ்ச்செல்வி கண்ணாடியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "அத வெட்டுனா மரமும் வெட்டுப்படுமே சார்" என்றார்.

இனி, போகிறவர்களுக்கு. தை, மாசிதான் நல்ல காலம். டவுன்ஷிப்புக்கு ஒரு முழு நாள் போதும். காலை ஐந்தரையிலிருந்து ஆறேகால் வரை மந்தாரக்குப்பம், பத்து மணிக்கு மெயின் பஜார், இரண்டு மணிக்கு மறுபடி மந்தாரக்குப்பம் சாலை. இடைப்பட்ட நேரத்தில் பிளாக்குகளுக்குள் நடக்கலாம், நிழல் இருக்கிறது. நேரம் இருந்தால் இன்னொரு நாள் குறிஞ்சிப்பாடிக்குப் போய்வரலாம். பஸ் அடிக்கடி இருக்கிறது, தெருக்களில் ஆட்கள் உண்டு. கிராமங்களுக்குள் போனால் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடையாள அட்டை உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். கேமராவின் பின்பக்கத் திரையைக் காட்டுவது அதைவிட உதவும். கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் நான் இன்னமும் கேட்காமல் எடுக்கிறேன். யாராவது வேண்டாமென்றால் அழித்துவிடுகிறேன். வீடுகளை மட்டும் கேட்காமல் எடுப்பதில்லை. ஒரு சுவர் எனக்கு நிறமாகத் தெரிகிறது. அதற்குள் இருப்பவருக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று வெளியில் நின்று கண்டுபிடிக்க முடியவில்லை. கவனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, எனக்குப் பிடித்ததைப் பார்ப்பதுதான். மீதிப் பாதியை இப்போதும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையோடு இருக்கும் படங்கள் டீக்கடை, ஹெல்மெட், சருகு கூட்டுகிறவர்கள். மரத்துப் படத்தையும் போடலாமா என்று இரண்டு வீட்டுக்கும் போன் செய்து கேட்டேன். தமிழ்ச்செல்வி, "என் பக்கத்த மட்டும் போடுங்க சார்" என்றார். கலியபெருமாளும் அதையேதான் சொன்னார். அதனால் போடவில்லை.